நாயின் ஞாபகமாகப் பெயர் சூட்டிக்கொண்ட இசைமேதை

நம் ஆண்டு மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் எடிசன் வருவார், ஜேம்ஸ் வாட் வருவார், விஸ்வேஸ்வரய்யா வருவார். எல்லாரும் பெரியவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் எழுதப் போகிறவர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதவர். இருபது வருஷத்துக்கு மேல் நியூயார்க் நகரத்தில் ஒரு தெருமுனையில் நின்றவர். இரண்டு கண்ணும் தெரியாதவர். தலையில் கொம்பு வைத்த தொப்பி, தோளில் நீளப் போர்வை, கையில் ஈட்டி! போகிற வருகிற ஜனங்கள் பாவம், யாரோ மனநிலை சரியில்லாதவர் என்று நினைத்துக் காசு போட்டுவிட்டுப் போனார்கள். அந்த நேரத்தில் அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது சிம்பொனி என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அவர் பெயர் மூன்டாக். தமிழில் சொன்னால் நிலா நாய். சொந்தப் பெயர் லூயிஸ் தாமஸ் ஹார்டின். மினிமலிசம் என்று ஒரு இசைவகை இருக்கிறது. ஒரு சின்ன மெட்டை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப வாசித்து, கேட்கிறவனுக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போவது. அந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் இவரும் ஒருவர் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ராக் இசைக்காரர்களும் இவர் பாட்டை எடுத்துப் பாடினார்கள். ராக் அண்டு ரோல் என்ற பெயர் ஊரெல்லாம் பரவியதில்கூட இவருக்கு ஒரு பங்கு உண்டு. அதுவும் நீதிமன்றம் வழியாக! அந்தக் கதை பின்னால் வருகிறது.

1916 மே 26 அன்று அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலம், மேரிஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். அப்பா கிறிஸ்தவப் பாதிரியார். ஒரே ஊரில் நிலைத்து இருந்த குடும்பம் இல்லை. கொஞ்ச காலம் வயோமிங் மாநிலத்தில் அப்பா கடை போட்டிருந்தார். ஐந்து வயசிலேயே லூயிஸ் அட்டைப் பெட்டியை மேளமாக்கித் தட்ட ஆரம்பித்துவிட்டான். ஒருமுறை அப்பா அவனை அரபஹோ என்னும் பூர்வகுடி மக்களின் சூரிய நடனத் திருவிழாவுக்கு அழைத்துப் போனார். அங்கே அவர்கள் தலைவர் பையனை மடியில் உட்கார வைத்துக்கொண்டார். காட்டெருமைத் தோல் போர்த்திய மேளத்தை அவனும் அடித்தான். அந்த அடியை அவர் சாகும்வரை மறக்கவில்லை. எண்பது வயசில் அவர் எழுதிய இசையிலும் அடியில் ஒரு மேளம் நடந்துகொண்டே இருக்கும், இதயத் துடிப்பு மாதிரி.

இனி அந்த நாள். 1932 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். அப்போது குடும்பம் மிசௌரி மாநிலத்தில் ஹர்லி என்ற சிற்றூரில் இருந்தது. பதினாறு வயசுப் பையன் ரயில் தண்டவாளத்துப் பக்கம் கிடந்த ஏதோ ஒன்றைக் கையில் எடுத்தான். என்ன ஏது என்று தெரியாமல் நோண்டினான். அது டைனமைட்டை வெடிக்க வைக்கிற கேப். முகத்துக்கு நேரே வெடித்தது. இரண்டு கண்ணும் போயிற்று.

என் அப்பா கல் குவாரியில் வேலை பார்ப்பவர். கேப் என்பது எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியும். பேனா மூடியைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பளபளவென்று, பையன்கள் பார்த்தால் கட்டாயம் எடுக்கிற மாதிரி இருக்கும். இந்தக் கதையை அப்பாவிடம் சொன்னபோது அவர் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. முதலில் கேட்டது, ‘கை தப்பிச்சுதா?’ என்றுதான். தப்பித்தது அப்பா என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் பார்த்த வரைக்கும் முதலில் போவது விரல்தானாம். யோசித்துப் பார்த்தால் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. விரலும் போயிருந்தால் மூன்டாக் என்ற ஆளே இருந்திருக்க மாட்டார். பிறகு அவர் படித்தது, எழுதியது, வாசித்தது, துணி தைத்தது எல்லாம் அந்த விரல்களால்தான்.

பாதிரியார் மகனுக்கு அந்த வெடியோடு கடவுள் நம்பிக்கையும் போனது. படுத்துக் கிடந்த தம்பிக்கு அக்கா ரூத் தினமும் புத்தகம் படித்துக் காட்டினாள். அதில் ஒரு நாவல், ஜெஸ்ஸி ஃபோதர்கில் என்ற ஆங்கிலேயப் பெண்மணி எழுதிய ‘முதல் வயலின்’. இசைக் கலைஞர்களைப் பற்றிய கதை. அதைக் கேட்டு முடித்தபோது பையன் முடிவு செய்துவிட்டான், இசையமைப்பாளர்தான் ஆவது என்று. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பியானோ கூட ஒழுங்காகத் தெரியாது. கண் தெரியாது. பிறர் வாய் வழியாகக் கேட்ட ஒரு கதைப்புத்தகம், அவ்வளவுதான் கையிருப்பு! எங்கள் வீட்டில் தபால் வந்தால் படித்துக் காட்டுவது நான்தான். அதனால் அந்த அக்காவை என்னால் கண்ணால் பார்க்கிற மாதிரி நினைக்க முடிகிறது. படித்துக் காட்டுகிறவருக்கு எந்த வரி எங்கே போய்த் தைக்கும் என்று தெரியவே தெரியாது.

அயோவா மாநிலத்தில் வின்டன் என்ற ஊரில் பார்வையற்றோர் பள்ளி இருந்தது. 1933-ல் அங்கே சேர்ந்தார். பிரெய்ல் எழுத்து கற்றார். வயலின், வயோலா, பியானோ, ஆர்கன், கூட்டுப் பாடல் என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் பெரும்பாலும் பிரெய்ல் புத்தகங்களை விரலால் தடவித் தானாகவே கற்றதுதான். பிறகு ஆர்கன்சா மாநிலத்திலும் மெம்ஃபிஸ் நகரத்திலும் சில காலம் இருந்துவிட்டு, 1943-ல் நியூயார்க்குக்கு வண்டி ஏறினார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் என்று யாரும் கிடையாது.

இந்த பிரெய்ல் விஷயத்தை நாம் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அவர் பட்ட பாடு புரியாது. பிரெய்லில் ஒரு எழுத்து என்பது ஆறு புள்ளிகளுக்குள் அடங்கியது. கையால் எழுத ஒரு சட்டம் உண்டு. தடித்த காகிதத்தை அதற்குள் வைத்து, குத்தூசியால் பின்பக்கத்திலிருந்து குத்த வேண்டும். புள்ளி மேல்பக்கம் புடைக்க வேண்டும் அல்லவா? அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுத வேண்டும். இன்ஜினியரிங் டிராயிங்கில் ஒரு எலிவேஷனைத் திருப்பிப் போடச் சொன்னாலே நமக்குத் தலை சுற்றுகிறது! இசைக்கும் இதே ஆறு புள்ளிதான். ஒரு கட்டத்துக்குள் ஸ்வரம் என்ன, அது எவ்வளவு நேரம் என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், கண் தெரிந்தவர்கள் எழுதும் ஆர்கெஸ்ட்ரா தாளில் எல்லா வாத்தியங்களும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி இருக்கும். ஒரே பார்வையில் மேலிருந்து கீழே பார்த்து, இந்த நொடியில் யார் யார் என்ன வாசிக்கிறார்கள் என்று பிடித்துவிடலாம். விரலுக்கு அந்த வசதி கிடையாது. அது ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் தடவும். ஆகவே முப்பது வாத்தியம் இருந்தால் முப்பதும் மண்டைக்குள் இருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. எழுதிய பிரெய்லை எந்த ஆர்கெஸ்ட்ராக்காரரும் படிக்க மாட்டார். பார்வையுள்ள ஒருவருக்கு ஒவ்வொரு ஸ்வரமாகச் சொல்லிச் சொல்லி எழுத வைக்க வேண்டும். அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். தெருவில் நின்று சேர்த்த காசில் பெரும் பங்கு இப்படித்தான் போனது. காசு இல்லாத மாதம் இசை புள்ளியாகவே கிடந்தது.

நியூயார்க் போனவுடன் அதிர்ஷ்டம் இல்லாமல் இல்லை. கார்னகி ஹால் என்பது அங்கே பெரிய இசை அரங்கம். அதன் பக்கத்திலேயே போய் நிற்பார். நியூயார்க் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஆர்தர் ரோட்ஜின்ஸ்கி இவரைக் கவனித்து, ஒத்திகைகளில் உட்கார்ந்து கேட்க அனுமதி கொடுத்தார். ஒரு நாள் அல்ல, பல நாள். எந்த வாத்தியம் எங்கே ஏறும், எங்கே இறங்கும், எது எதை அமுக்கும் என்பதெல்லாம் அவர் அங்கே காதால் கற்றுக்கொண்டது. நாம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு செமஸ்டர் நின்றால் மெஷின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டதா என்று சொல்கிறோமே, அது போல. லியனார்ட் பெர்ன்ஸ்டைன், டாஸ்கனினி போன்ற ஜாம்பவான்களையும் சந்தித்தார். ஆனால் அந்த உறவு நீடிக்கவில்லை. இவருடைய உடை அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

உடை என்ன உடை? கடையில் வாங்கியது எதையும் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தார். சதுரமாக வெட்டிய துணிகளையும் தோல்களையும் சேர்த்துத் தானே தைத்துக்கொள்வார். தாடியும் போர்வையுமாக முதலில் பார்த்தவர்கள் ஏசுநாதர் மாதிரி இருக்கிறார் என்றார்கள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. நம்பிக்கையே போனவரை ஏசு என்றால்? ஆகவே வைகிங் வேஷத்துக்கு மாறினார். பழங்காலத்தில் நார்வே, டென்மார்க் பக்கம் இருந்த கடலோடிகள்தான் வைகிங். அவர்களுடைய பழைய தெய்வங்களும் கதைகளும் அவருக்கு உயிர். கொம்புத் தொப்பி, ஈட்டி எல்லாம் அப்படி வந்தவை. (உண்மையான வைகிங்குகள் கொம்பு வைத்த தொப்பி போட்டதற்கு ஆதாரமே இல்லை என்று சரித்திர ஆசிரியர்கள் சொல்வது வேறு கதை!) ஆறாவது அவென்யூ, ஐம்பத்து நாலாவது தெரு. அந்த முனைதான் அவர் இடம். ஆறாவது அவென்யூவின் வைகிங் என்றே ஊர் சொன்னது. வெயில், பனி எதுவும் கணக்கில்லை. நின்ற இடத்தில் தன் இசைத்தாள்களையும் கவிதைகளையும் விற்பார். வாத்தியம் வாசிப்பார். பெரும்பாலான நேரம் சும்மா நிற்பார். சும்மா என்று நாம் சொல்கிறோம், அதுதான் அவர் எழுதுகிற நேரம்.

வீடு இல்லாதவர் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. பெரும்பாலான வருஷங்கள் நகரத்தில் அறை வைத்திருந்தார். நியூயார்க் மாநிலத்தின் உள்ளே கேண்டர் என்ற கிராமத்தில் கொஞ்சம் நிலமும் வாங்கிப் போட்டிருந்தார்.

மூன்டாக் என்ற பெயரை 1947-ல் வைத்துக்கொண்டார். முன்பு அவர் வளர்த்த நாய் ஒன்று நிலாவைப் பார்த்து ஓயாமல் ஊளையிடுமாம். அந்த நாயின் ஞாபகமாக வைத்த பெயர். பெரிய மனிதர்கள் குரு பெயரையோ தாத்தா பெயரையோ வைத்துக்கொள்வார்கள். இவர் ஒரு நாயின் ஞாபகமாகப் பெயர் வைத்துக்கொண்டார்!

அவர் செய்த வாத்தியங்களைச் சொல்லாமல் பாலிடெக்னிக் மலரில் இந்தக் கட்டுரைக்கு இடம் கேட்க முடியாது. டிரிம்பா என்பது அவர் கண்டுபிடித்த மேளம். முக்கோண வடிவ மரப்பெட்டி மேளங்கள், கூடவே ஒரு ஜால்ரா போன்ற தட்டு. ஒரு கையில் மரக்கட்டை, மறு கையில் கிலுகிலுப்பை போன்ற மராக்கா. இரண்டாலும் அடிப்பார். தரையில் உட்கார்ந்து வாசிக்கலாம், தூக்கிக்கொண்டும் போகலாம். ‘ஊ’ என்று ஒரு முக்கோண யாழ். இப்படி இன்னும் சில. எல்லாவற்றிலும் முக்கோணம். தடவிப் பார்த்து மரம் அறுத்துச் செய்கிறவருக்கு வட்டத்தைவிட முக்கோணம் சுலபம் என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று மூலை சரியாக இருந்தால் சட்டம் அசையாது என்பதை நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படிக்கிறோம்.

தாளத்திலும் அவர் வேறு மாதிரி. மேற்கத்திய இசை பெரும்பாலும் நாலு, இல்லாவிட்டால் மூன்று. இவருக்கு ஐந்தும் ஏழும்தான் பிடித்தவை. பாம்பு நெளிவது போல வழுக்கிக்கொண்டு போவதால் அதற்குப் பாம்புத் தாளம் என்று அர்த்தப்படும்படி பெயர் வைத்தார். அந்தத் தாளத்தின் மேல் அவர் கட்டுவது கேனன் என்ற முறை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குகிறார். சில அடி கழித்து இரண்டாமவர் அதே மெட்டை முதலிலிருந்து தொடங்குகிறார். பிறகு மூன்றாமவர், நாலாமவர். எல்லாரும் ஒரே மெட்டுதான், ஆனால் வேறு வேறு இடத்தில் இருப்பார்கள். எந்த நொடியில் நிறுத்திப் பார்த்தாலும் நாலும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பல்சக்கரம் மாதிரி, ஒரு பல் தப்பினால் மொத்தமும் நின்றுவிடும். பாக் என்ற ஜெர்மன் மேதை இருநூறு வருஷத்துக்கு முன்பே இதில் கரைகண்டவர். மூன்டாக் விதிகளில் ரொம்பக் கறார். புதுமைக்காரர் என்று தன்னைச் சொன்னால் ஏற்கமாட்டார், பழைய இலக்கண வழியில்தான் போகிறேன் என்பார். தெருவில் வேஷத்தோடு நின்றவர், தாளில் ஒரு விதியைக்கூட மீறமாட்டார். எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்தது இந்த முரண்தான்.

1950-க்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக முதல் இசைத்தட்டுகள் வந்தன. 1956, 57-ல் பிரெஸ்டீஜ் என்ற ஜாஸ் கம்பெனி மூன்று தட்டுகள் போட்டது. அவற்றில் தெருச் சத்தமும் வரும். வண்டிகள், துறைமுகத்துக் கப்பல் சங்கு, நடுவில் டிரிம்பா. ஒரு பாட்டில் அவர் மனைவி தாலாட்டுப் பாட, கைக்குழந்தையின் அழுகுரலும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. கேட்கும்போது ஒரு சின்ன அறைக்குள் நாமும் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்த மனைவி ஜப்பானிய வம்சாவளி. 1952-ல் கல்யாணம். சில வருஷங்களில் பிரிவு வந்துவிட்டது. வெளியே நிற்பதே வாழ்க்கையான மனிதரோடு குடித்தனம் நடத்துவது லேசா என்ன? இதில் தப்பு அந்த அம்மாவுடையது என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, கோர்ட் கதைக்கு வருவோம். ஆலன் ஃப்ரீட் என்பவர் கிளீவ்லாந்து நகரத்தில் ரேடியோ அறிவிப்பாளர். கறுப்பின மக்களின் ஆட்டப் பாட்டுகளை எல்லா இளைஞர்களுக்கும் கொண்டு சேர்த்தவர். 1951-ல் தொடங்கிய தன் நிகழ்ச்சிக்கு மூன்டாக் என்று பெயர் வைத்தார். தன்னையும் அப்படியே அழைத்துக்கொண்டார். நிகழ்ச்சித் தொடக்கத்தில் ஒலித்ததும் நம் மூன்டாக்கின் இசைத்தட்டுதான், நாய் ஊளையோடு! அனுமதியும் இல்லை, பணமும் இல்லை. 1952 மார்ச்சில் அதே பெயரில் ஒரு பெரிய கச்சேரி வைத்தார். பத்தாயிரம் பேர் கொள்ளும் அரங்கத்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு கூட்டம் வந்து, ஆரம்பித்த உடனேயே நிறுத்த வேண்டியதாயிற்று. உலகத்தின் முதல் ராக் அண்டு ரோல் கச்சேரி என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஃப்ரீட் 1954-ல் நியூயார்க்குக்கே வந்து, மூன்டாக் என்ற பெயரோடு ரேடியோவில் உட்கார்ந்தார். தெருவில் நின்ற உண்மையான மூன்டாக் வழக்குப் போட்டார். ஒரு பக்கம் நாடறிந்த அறிவிப்பாளர், பெரிய ரேடியோ நிலையம். மறு பக்கம் பார்வையில்லாத தெருக் கலைஞர், கையில் சில இசைத்தட்டுகள். பந்தயம் கட்டினால் நாம் யார் மேல் கட்டியிருப்போம்? நீதிமன்றம் தெருக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது! பெயரை இனிப் பயன்படுத்தக் கூடாது, சில ஆயிரம் டாலர் நஷ்டஈடும் தர வேண்டும் என்று முடிந்தது. பெயர் போன ஃப்ரீட் தன் நிகழ்ச்சிக்கு ராக் அண்டு ரோல் பார்ட்டி என்று புதுப் பெயர் வைத்தார். அந்த வார்த்தை முன்பே இருந்ததுதான், அவரே சொல்லிக்கொண்டிருந்ததுதான். ஆனால் பலகையில் ஏறியது அப்போதுதான். நாயின் ஞாபகமாக வைத்த பெயரைத் திருப்பி வாங்கியதில் ஒரு இசைவகையின் பெயர் ஊருக்குத் தெரிந்தது.

வழக்கு ஜெயித்தும் அவர் நின்ற இடம் மாறவில்லை. அதே முனை, அதே ஈட்டி.

அறுபதுகளின் கடைசியில் அந்த முனைக்கு இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். 1967-ல் பிக் பிரதர் என்ற ராக் குழு, பாடகி ஜானிஸ் ஜாப்ளின் இருந்த குழு, தனிமையைப் பற்றிய இவர் பாட்டைத் தங்கள் முதல் ஆல்பத்தில் எலெக்ட்ரிக் கிடார்களோடு பாடியது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஃபிலிப் கிளாஸ் என்ற இளம் இசையமைப்பாளர் இவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தங்க வைத்தார். ஏறத்தாழ ஒரு வருஷம் இருந்தார். ஸ்டீவ் ரைக்கும் அங்கே வருவார். வாரம் தோறும் சேர்ந்து மூன்டாக்கின் கேனன்களைப் பாடிப் பதிவு செய்வார்கள். பின்னாளில் மினிமலிசம் என்றாலே உலகம் சொல்லும் பெயர்கள் இந்த இரண்டும்தான். இருவரும் ஜூலியார்ட் என்ற பெரிய இசைக் கல்லூரியில் படித்தவர்கள். அவர்கள் தெருவில் நின்றவரிடம் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்த பத்து வருஷத்துக்குள் அதே நகரத்தில் ரைஸ் சாதம், கிளென் பிரான்கா போன்றவர்கள் எலெக்ட்ரிக் கிடார்களை வரிசையாக நிறுத்தி இந்தத் திரும்பத் திரும்ப வரும் இசையை ராக் சத்தத்தில் வாசிக்கத் தொடங்கினார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

1969-ல் கொலம்பியா கம்பெனி அவருக்கு ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைக் கொடுத்தது. கம்பெனியின் தலைமை அலுவலகம் இருந்த சி.பி.எஸ். கட்டிடம் அவர் நின்ற முனையிலிருந்து கூப்பிடு தூரம்தான்! தயாரித்தவர் ஜேம்ஸ் குவெர்சியோ. சிகாகோ என்ற ராக் குழுவை வளர்த்துவிட்டவர். இருபத்தைந்து வருஷம் மண்டைக்குள் மட்டும் கேட்ட ஆர்கெஸ்ட்ரா, அன்றைக்கு நிஜமாகவே காதில் கேட்டது. அந்த ஆல்பத்தில் ‘பேர்ட்ஸ் லமென்ட்’ என்று இரண்டே நிமிஷத்தில் முடியும் ஒரு துண்டு உண்டு. 1955-ல் இறந்துபோன ஜாஸ் மேதை சார்லி பார்க்கருக்கு அஞ்சலி. பார்க்கரின் பட்டப்பெயர் பேர்ட். தெருவில் நின்று பேசிப் பழகியவர்கள் இருவரும். ஒப்பாரி என்று பெயர், கேட்டால் கால் தானாக ஆடும்!

1974-ல் ஜெர்மனியிலிருந்து அழைப்பு வந்தது. ஃபிராங்ஃபர்ட் ரேடியோக்காரர்கள் ஏற்பாடு செய்த கச்சேரி. போனவர் திரும்பவில்லை. நியூயார்க்கில் திடீரென்று முனை காலியானதும் செத்துவிட்டார் என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள். அவரோ ஜெர்மனியிலும் தெருவில்தான் நின்றுகொண்டிருந்தார். அங்கே இலோனா என்ற கல்லூரி மாணவி அவரைப் பார்த்தாள். தன் பெற்றோர் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டாள். சுரங்கத் தொழில் நடந்த பகுதி அது. சாதாரணக் குடும்பம். கொம்புத் தொப்பி வைத்த அறுபது வயசு அமெரிக்கரை அவர்கள் வீட்டில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். எந்த வீட்டில் நடக்கும் இது?

இலோனா செய்த பெரிய வேலை அதற்குப் பிறகுதான். பிரெய்ல் இசைக்குறிகளைக் கற்றுக்கொண்டு, புள்ளியாகக் கிடந்தவற்றையும் புதிதாக எழுதியவற்றையும் சாதாரண இசைத்தாளுக்கு மாற்றினாள். பதிப்பித்தாள், கச்சேரிகளுக்குப் பேசினாள். கொம்புத் தொப்பியையும் கழற்ற வைத்தாள், அது சின்ன விஷயமில்லை! கூலிக்கு ஆள் தேடி அலைந்த மனிதருக்கு, ஐம்பத்தெட்டு வயசுக்கு மேல் எழுத ஒரு கை கிடைத்தது. வாழ்நாளில் அதிகம் எழுதியது அந்தக் கடைசி இருபத்தைந்து வருஷத்தில்தான்.

1989-ல் ஒரே ஒரு முறை நியூயார்க் திரும்பினார். புரூக்ளின் பகுதியில் நடந்த புதிய இசை விழாவில் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். எப்படி? மேடை நடுவே கோல் பிடித்து நிற்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து மேளத்தை அடித்தார், அவ்வளவுதான். வாசிப்பவர்கள் அந்த அடியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செத்துவிட்டதாக நினைத்த ஆளை ஊர் பதினைந்து வருஷம் கழித்துப் பார்த்தது.

1999 செப்டம்பர் 8 அன்று ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் இதயம் செயலிழந்து காலமானார். வயது 83. அங்கேயே அடக்கம். அதே வருஷம் மிஸ்டர் ஸ்கிரஃப் என்ற இங்கிலாந்து டி.ஜே., ‘பேர்ட்ஸ் லமென்ட்’ துண்டை வெட்டி ஒட்டி ஒரு ஆட்டப்பாட்டு செய்தார். அது கார் விளம்பரம் வரைக்கும் போனது. அவரிடம் டிரிம்பா கற்ற ஸ்டீபன் லக்காட்டோஸ் என்ற சுவீடன்காரர் பல வருஷம் அதை மேடைகளில் வாசித்துவந்தார்.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு சீனியர் அண்ணன் போனில்தான் நான் இந்த இசையை முதலில் கேட்டேன். நீங்களும் கேட்பதாக இருந்தால் ஒரு யோசனை: முதலில் ‘பேர்ட்ஸ் லமென்ட்’. பிடித்தால் 1956 தட்டு. இயர்போன் போட்டுக் கேளுங்கள், தெருச் சத்தம் அப்போதுதான் தெளிவாக விழும். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேட்டால் எது இசைத்தட்டு ஹாரன், எது நம் டவுன் பஸ் ஹாரன் என்று கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும். எனக்கு இரண்டு முறை பஸ் போய்விட்டது.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்